ஜெம் கற்ற துணிவு

அமெரிக்க எழுத்தாளர் ஹாப்பர் லீ 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவல் 'டு கில் எ மொக்கிங்பேர்ட்'. மறு ஆண்டிலேயே புலிற்சர் பரிசைப் பெற்ற இந்நூல், நிறத்தைக் கொண்டு மனிதரை மதிப்பிடும் கொடுமையை எடுத்துரைப்பது. 1930களில், அலபாமா மாநிலத்தில், மேகோம் என்னும் கற்பனைச் சிற்றூரிலே கதை நிகழ்கிறது. கதையைச் சொல்பவள் ஸ்கவுட் என்னும் சிறுமி. ஆயினும், நேயர்கள் ஊன்றி நோக்குதற்குரியது அவளுடைய தமையன் ஜெம்மின் வளர்ச்சி. துணிவு என்பது யாது என்ற வினாவுக்கு அவன் கண்ட விடைகளே அவ்வளர்ச்சியின் படிகள்.

தொடக்கத்தில் துணிவு அவனுக்கு ஒரு விளையாட்டு. அயலிலுள்ள ரட்லி வீட்டில், பல்லாண்டுகளாக வெளியே தலைகாட்டாத ஆர்தர் என்பவர் வாழ்கிறார். அவரைப் பற்றி ஊரார் கட்டிய கதைகள் அச்சந் தருவன. தோழன் டில் சவால் விட, ஜெம் ஓடிச்சென்று அவ்வீட்டைத் தொட்டுவிட்டு ஓடிவருகிறான். கோழை என்று பெயர் வந்துவிடுமோ என்ற அச்சமே அத்துணிவின் வேர்.

தந்தை அற்றிக்கஸ் ஃபின்ச் ஒரு வழக்கறிஞர். வெள்ளைப் பெண்ணொருத்தியைப் பலவந்தப்படுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ரொம் றொபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளிக்காக அவர் வாதாட முற்படுகிறார். அதன் பொருட்டு டுபோஸ் என்னும் மூதாட்டி அவரை இழிவாக ஏசுகிறார். சினங்கொண்ட ஜெம், மூதாட்டியின் பூஞ்செடிகளிலிருந்த மொட்டுகளை அடித்து வீழ்த்துகிறான். அதற்குத் தண்டனையாக, ஒரு மாத காலம் அவருக்குப் புத்தகம் வாசிக்க நேர்கிறது. மூதாட்டி இறந்த பின்னரே உண்மை வெளிப்படுகிறது. நோய் தணிக்க உட்கொண்ட மோர்பினுக்கு அடிமையாகியிருந்த அவர், சாகுமுன் அதிலிருந்து விடுபட உறுதி பூண்டிருந்தார். வாசிப்பு நேரம் நாளுக்கு நாள் நீண்டதன் காரணம் அதுவே. அவருடைய நிறவெறி இதனால் நியாயமாகிவிடவில்லை. ஆயினும், தான் வெறுத்த ஒருவரிடத்திலும் உயர்ந்த பண்பொன்று இருத்தல் கூடும் என்பதை ஜெம் உணர்கிறான்.

அடுத்த பாடம் நீதிமன்றத்திலே கிடைக்கிறது. பெண்ணின் முகத்தில் காயம் வலப்பக்கத்தில். அடித்தவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்று கொள்ளவே இடமுண்டு. ரொம்மின் இடக்கையோ சிறுவயதிலே பஞ்சு பிரிக்கும் யந்திரத்திற் சிக்கிப் பயனற்றுப்போனது. பெண்ணின் தந்தை பொப் யூவெல் இடக்கையால் எழுதுபவர். இவ்வளவும் புலனான பின்னரும், வெள்ளையரே நிறைந்த ஜூரிமார் ரொம்மைக் குற்றவாளி என்கின்றனர். வெற்றி உறுதி என நம்பியிருந்த ஜெம் கண்ணீர் விடுகிறான். நேற்றுவரை தனக்கு நல்லவராகத் தோன்றிய ஊரார் இவர்கள்தாமா என்பதே அவனை வருத்தும் கேள்வி.

சில நாட்களின் பின், ஸ்கவுட் சிறு பூச்சியொன்றை நசுக்கக் கையோங்குகிறாள். ஜெம் தடுக்கிறான். அது அவளுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை என்பதே அவன் கூறும் காரணம். தங்கை அவனை எள்ளி நகைக்கிறாள். ஆனால், முன்பு மொட்டுகளை வீழ்த்திய கை இன்று ஒரு பூச்சியைக் காக்கிறது. ஊர் மாறவில்லை, ஒரு சிறுவன் மாறிவிட்டான்.

இறுதியில், வஞ்சினங்கொண்ட யூவெல் இருளிலே பிள்ளைகளைத் தாக்குகிறான். கை முறிந்து நினைவிழந்த ஜெம்மைத் தூக்கிவந்து காப்பவர் ஆர்தர் ரட்லி. எவரைப் பேயென்று ஊர் அஞ்சியதோ, அவரே உயிர் காக்க வந்தார். பிறர் சொன்ன கதையைக் கொண்டு மனிதரை அளப்பது, ரட்லி வீட்டு வாசலில் சிறுபிள்ளை விளையாட்டு. நீதிமன்றத்திலோ அது ஒரு மனிதனின் வாழ்வையே பறித்தது. இரண்டும் ஒரே பிழை என அறிவதற்கும் துணிவு வேண்டும்.