மாணவர் தலைமையும் முடிவெடுக்கும் அறமும்



திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்றோர் அதிகாரம் உண்டு. ஒரு வினையில் இறங்குமுன் அழிவதையும் ஆவதையும் எண்ணிப் பார்க்கச் சொல்லும் வள்ளுவர், அழிவதைத்தான் முதலில் வைக்கிறார். இளமையோ ஆவதையே முதலில் எண்ணும். ஆயிரம் பேர் பின்னால் திரண்டிருக்க, ஒலிபெருக்கி கையிலிருக்க, அழிவதை எண்ணுதல் எளிதன்று. தமிழ்நாட்டு மாணவர் தலைவர்கள் அதனை எண்ணியே தீரவேண்டிய நிலை 1965இல் வந்தது.

ஆட்சிமொழி மாற்றத்துக்கென அரசியலமைப்பின்படி அமைந்த நாள் அவ்வாண்டு ஜனவரி 26. அதன் பின்னும் ஆங்கிலம் தொடரலாம் என்று 1963ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 'தொடரலாம்' என்பதற்கும் 'தொடரும்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழிலக்கணம் படித்த பிள்ளைகளுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை! ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. மறுநாள் சென்னையில் ஏறத்தாழ 50,000 மாணவர்கள் கோட்டையை நோக்கி நடந்தனர். 27ஆம் நாள் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்.

போராட்டத்தைத் தொடங்கியவர்கள் மாணவர்கள். பிப்ரவரியில் அதனை நடத்தியவர்கள் யார் என்று அவர்களாலேயே சொல்ல இயலாதபடி ஆயிற்று. தெருவில் இறங்கிய கூட்டங்களுக்கு மாணவர் குழுவின் பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காவல்துறையினர் இருவர் கூட்டத்தாரால் கொல்லப்பட்டனர். மாண்டோர் தொகை அரசுக் கணக்கிலேயே ஏறத்தாழ 70. அது பன்மடங்கு என்பாரும் உளர். இந்தப் புதுக்கோட்டைச் சீமையின் விராலிமலைச் சண்முகமும் கீரனூர் முத்துவும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அவர்களைத் தியாகிகள் என்று போற்றும் மேடைகள் பல. "வேண்டாம் தம்பி, நீ உயிரோடு இரு" என்று சொல்லும் குரல் அன்று ஏன் அவர்கள் செவியை எட்டவில்லை என்று கேட்ட மேடை அரிது. தலைமையை நோக்கிக் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

பிப்ரவரி 11 அன்று நடுவண் அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். அன்றே தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேரு அளித்த உறுதிமொழி காக்கப்படும் என்றார். மறுநாள் மாணவர் போராட்டக் குழு கிளர்ச்சியைக் காலவரையின்றி ஒத்திவைத்தது.

கையில் கிடைத்தது வெறும் வாக்கு, சட்டமன்று. சட்டத் திருத்தம் வர மேலும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆயின. "விலைபோய்விட்டார்கள்" என்ற பழி வருமென்பது ஒத்திவைப்போர் எவரும் அறிந்ததே. 1922இல் சௌரி சௌராவில் காவலர்கள் எரிக்கப்பட்டபின் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தியதும் இதே பிப்ரவரி 12ஆம் நாள் என்பது வியப்பான ஒற்றுமை. அவருக்கோ நாடறிந்த பெயரின் வலிமை இருந்தது. இவர்களுக்கு இருந்தவை கல்லூரி அடையாளச் சீட்டும் சில வாரத்துப் புகழுமே.

மார்ச் 7 அன்று குழுவினர் மீதான வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. 14 அன்று கிளர்ச்சி முற்றாகக் கைவிடப்பட்டது. இங்கே ஓர் உறுத்தல் உண்டு. தன் வழக்கு நீங்கியபின் ஒரு தலைவன் கையெழுத்திடும்போது, ஊர்தோறும் அடிபட்ட பெயரறியாத பிள்ளைகளின் கணக்கை யார் தீர்ப்பது? முடிவு சரியாகவே இருக்கலாம். அந்தக் கேள்வி மட்டும் நீங்காது. மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1967இல் விருதுநகரில் காமராசரை 1,285 வாக்குகளில் வென்ற கதையை ஊரறியும். அதனினும் அரிதான முடிவு அந்த பிப்ரவரியில் எடுத்ததே.

நெடுநாளைய கதை என்று ஆலங்குடியார் இதனை ஒதுக்கிவிட முடியாது. இவ்வட்டத்தைச் சேர்ந்த நெடுவாசலில் 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக ஊரார் பந்தலில் அமர்ந்தனர். மெரினாவில் சல்லிக்கட்டுக்காகத் திரண்ட சூடு ஆறுமுன்னே வெளியூர் மாணவர்களும் வந்து சேர்ந்தனர். 22 நாள் கழித்து, மார்ச் 9 அன்று, மக்கள் விருப்பின்றித் திட்டம் வராது என்ற வாக்கை ஏற்று ஊரார் ஒத்திவைத்தனர். நிலம் அவர்களுடையது, கிணறும் கடலைக்கொல்லையும் அவர்களுடையவை. அந்நேரம் வெளியிலிருந்து வந்த மாணவனுக்கு "நிறுத்தாதீர்கள்" என்று முழங்க உரிமை உண்டா? இல்லை என்பதே நேர்மையான விடை. பேருந்தேறி ஊர் திரும்புபவன் நடவு தவறிய வயலுக்கு விலை கொடுப்பதில்லை.

ஆனால் மார்ச் 27 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஏப்ரல் 12 அன்று மீண்டும் பந்தல் எழுந்தது. ஒத்திவைத்தவர்கள் ஏமாளிகள் என்று சிலர் எள்ளினர். ஒத்திவைத்த ஊரார்தாம் மறுபடி அமர்ந்தனர். அவர்கள் சொல்லுக்கு அப்போதும் ஊர் கட்டுப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் சேலத்தில் துண்டறிக்கை வழங்கிய இதழியல் மாணவி ஒருவர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அக்காவலை நீக்கியது. அந்த முடிவின் விலையை அவர் தாமே கொடுத்தார். பிறர் தலையில் வைக்கவில்லை. 2020இல் வந்த வேளாண் மண்டலச் சட்டத்தில் நெடுவாசல் அடங்கிய திருவரங்குளம் ஒன்றியமும் சேர்க்கப்பட்டது.