விசாரணையின் சாவி யார் கையில்?



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

நீதியில் உறுதியாக நில்லுங்கள் என்று அருள்மறையின் நான்காம் அத்தியாயம் 135ஆம் வசனத்தில் அல்லாஹ் ஈமான் கொண்டோரைப் பணிக்கிறான். சொல்லும் சாட்சியம் நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் அதில் விலக்கு இல்லை. இந்த வசனத்தை நாம் பெரும்பாலும் பாகப்பிரிவினையின்போதுதான் நினைத்துப் பார்க்கிறோம். ஆள்பவர் மீது புகார் எழும்போது அதை விசாரிப்பவர் யார், அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்விக்கும் இது பொருந்தும்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் கூஃபாவின் ஆளுநராக இருந்தவர்கள் ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள். சுவனத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துத் தோழர்களில் ஒருவர்; காதிஸிய்யாவின் தளபதி. அத்தகையவர் மீது கூஃபாவாசிகள் சிலர் புகார் செய்தார்கள். அவர் சரியாகத் தொழவைப்பதில்லை என்பதும் அதில் ஒன்று! கலீஃபா அதைச் சிரித்துத் தள்ளிவிடவில்லை. ஸஅத் (ரலி) அவர்களை அழைத்து விளக்கம் கேட்டார்கள். மதீனாவிலிருந்து கூஃபாவுக்கு ஆளும் அனுப்பினார்கள். அவ்வாறு சென்றவர் முஹம்மத் பின் மஸ்லமா (ரலி) என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கூஃபாவின் ஒரு பள்ளிவாசலையும் விடாமல் சென்று, மக்கள் முன்னிலையில் விசாரிக்கப்பட்டது. எல்லோரும் ஸஅத் (ரலி) அவர்களைப் புகழ்ந்தார்கள். பனூ அப்ஸ் கூட்டத்தாரின் பள்ளியில் மட்டும் உஸாமா பின் கதாதா என்பவர் எழுந்து குற்றம் சுமத்தினார். அது பொய் என்பது பின்னர் விளங்கிற்று. இச்செய்தி ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியுள்ளது.

சகோதரர்களே! இதில் கவனிக்க வேண்டியது, விசாரிக்க வந்தவர் ஆளுநரின் ஊழியர் அல்லர் என்பதே. ஆளுநரின் அனுமதியைக் கேட்டு அவர் விசாரணையைத் தொடங்கவும் இல்லை. ஆகவேதான் அந்த விசாரணையில் ஸஅத் (ரலி) அவர்களின் தூய்மை வெளிப்பட்டபோது எவராலும் அதை மறுக்க இயலவில்லை.

இனி நம் நாட்டின் நிலையைப் பாருங்கள். உயர் அதிகாரிகளை விசாரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை அரசின் முன்அனுமதி பெற வேண்டும் என்றிருந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 1997இல் ரத்து செய்தது. 2003இல் அதே தடை சட்டப்பிரிவாகத் திரும்பி வந்தது. 2014 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து அதையும் செல்லாது என்றார்கள். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பதவியின் பேரில் எடுத்த முடிவு குறித்து அமைச்சரையோ அதிகாரியையோ விசாரிப்பதற்கு முன் அரசின் ஒப்புதல் வேண்டும் என்பது இதன் சாரம். நேர்மையான அதிகாரி அஞ்சாமல் முடிவெடுக்க இது தேவை என்கிறார்கள். அந்த அச்சம் பொய்யன்று. ஆயினும் அனுமதிக் கையொப்பம் ஆட்சியாளர் பக்கமே இருக்கிறதே!

2018 ஜூலையில் நம் சட்டமன்றம் லோகாயுக்தா சட்டத்தை நிறைவேற்றியது. முதலமைச்சரும் அதன் வரம்புக்குள் வருபவர்தான். ஆனால் அதன் தலைவரையும் உறுப்பினர்களையும் பரிந்துரைக்கும் குழு முதலமைச்சர், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர் ஆகிய மூவரைக் கொண்டது. எண்ணிப் பாருங்கள், பெரும்பான்மை யார் பக்கம் என்று.

ஓசூர் எல்லையில் வாழும் நமக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. 1996இல் தொடங்கிய ஜெயலலிதா அவர்களின் சொத்துக்குவிப்பு வழக்கு, அவர் மீண்டும் முதலமைச்சரான பின் சாட்சிகள் பலர் சொல்லை மாற்றியதால், 2003இல் உச்ச நீதிமன்றத்தால் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. நம் தொரப்பள்ளியிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள நகரம் அது. அவ்வழக்கின் இறுதித் தீர்ப்பு 2017இல்தான் வந்தது. அதற்குள் அவர் இறந்துவிட்டார்.

எல்லைக்கு அப்பாலும் குறை உண்டு. 1984 முதல் லோகாயுக்தா சட்டம் உள்ள கர்நாடகத்தில், சுரங்க ஊழல் குறித்த நீதிபதி சந்தோஷ் ஹெக்டே அறிக்கைக்குப் பின் 2011 ஜூலையில் முதலமைச்சர் எடியூரப்பா பதவி விலகினார். 2016இல் அங்குள்ள அரசு லஞ்ச ஒழிப்பு அதிகாரத்தைத் தன் கீழுள்ள புதிய அமைப்புக்கு மாற்றியது. 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்த அமைப்பை ரத்து செய்து, அதிகாரத்தை லோகாயுக்தாவிடமே திருப்பியது. அடுத்து 2024இல் முதலமைச்சராக இருந்த சித்தராமையா மீது லோகாயுக்தா காவல்துறையே வழக்குப் பதிந்தது. 2025 பிப்ரவரியில் ஆதாரம் இல்லை என்று அறிக்கை தந்தது. அதை எதிர்க்கட்சியினர் ஏற்கவில்லை. விசாரித்தவர்கள் மாநிலக் காவல்துறையினர் அல்லவா? அவர் குற்றமற்றவராகவே இருந்தாலும், அதை ஊர் நம்பும்படி சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

புகார் செய்பவரின் அச்சத்தையும் மறக்கலாகாது. மத்திய லோக்பால் சட்டத்தில், பொய்ப் புகாருக்கு ஓராண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அவதூறு பெரும்பாவம், தண்டனை இருக்கட்டும். ஆனால் பட்டாவுக்கு லஞ்சம் கொடுத்துத் தவிக்கும் எளிய குடும்பத்தலைவர் இந்தப் பிரிவைக் கேள்விப்பட்ட பின் மேலிடத்தைப் பற்றி வாய் திறப்பாரா? கூஃபாவில் விசாரணையே மக்களைத் தேடிப் பள்ளிக்குச் சென்றது.

இந்தச் சட்டங்களைத் திருத்தும்படி சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுப்பதும், வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இதைக் கேட்பதும் நம் கடமை. அவ்வாறு கேட்கும் முன், நம் மஹல்லாக்களிலும் ஒன்றைச் சரிசெய்வோம். ஜமாஅத் கணக்கைத் தணிக்கை செய்பவரை நிர்வாகிகளே நியமிக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அவரை நிர்வாகத்தில் இல்லாதவர்கள் கூடித் தேர்ந்தெடுக்கட்டும். கணக்கு ஜுமுஆவுக்குப் பின் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படட்டும். எழுந்து கேள்வி கேட்பவர் பின்வரிசையில் இருக்கும் கூலித் தொழிலாளியானாலும், அவர் பேசி முடிக்கும் வரை பொறுமையுடன் கேட்கும் மனத்தை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.