டர்போ வண்டிக்கு ஒரு மூச்சுக்குழல்

வெளிமாநிலத்தில் பிழைப்புத் தேடி வந்த தமிழருக்குச் சொந்த வண்டியின் அருமை பொங்கல் நெருங்கும்போதுதான் நன்கு புலனாகும். ரயிலில் இடம் கிடைப்பதில்லை. பேருந்துக் கட்டணமோ நாளுக்கு நாள் ஏறுகிறது. புனே நகரையடுத்த பிம்ப்ரி-சிஞ்ச்வடு தொழிற்பேட்டையில் பணிபுரியும் நாங்கள் நால்வர், இந்த அல்லலுக்கு முடிவு காண எண்ணிப் பத்தாண்டு ஓடிய டீசல் கார் ஒன்றைக் கூட்டாக வாங்கினோம். 1248 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் டர்போசார்ஜரும் உடைய என்ஜின் அது. அதற்கு நாங்களே ஒரு காற்றுப் பாதை அமைக்க முயன்றதையும், முதலில் தவறியதையும், பின்னர் திருத்திக்கொண்டதையும் நேயர்கட்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

வண்டியின் குறை முதன்முதலாகக் கம்பாட்கி கணவாயில் வெளிப்பட்டது. புனேயிலிருந்து சாத்தாரா வழியாகப் பெங்களூர் செல்லும் பாதையிலுள்ள ஏற்றம் அது. மூன்றாம் கியரில் ஏறவேண்டிய வண்டி இரண்டாம் கியரில் திணறிற்று. பின்புறம் கரும்புகை எழுந்தது. முன்மூடியைத் திறந்து பார்த்தோம். காற்று வடிகட்டிப் பெட்டியின் கொக்கிகள் உடைந்திருந்தன. முன்னாள் உரிமையாளர் அதைக் கம்பியால் கட்டிவைத்திருந்தார். பெட்டியின் மூக்கும் நசுங்கியிருந்தது. புதிய பெட்டியும் குழாய்களும் வாங்க ஆகும் தொகையைக் கேட்டதும், நாமே ஒன்றைச் செய்துகொண்டால் என்ன என்ற எண்ணம் எங்களுக்கு உதித்தது.

மேற்கொண்டு சொல்லுமுன் டர்போவின் தொழிலைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். சுவிட்சர்லாந்து நாட்டு எஞ்சினியர் ஆல்பிரட் பியூகி 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற கருத்து இது. வீணே வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, என்ஜினுள் செலுத்துகிறது. இச்சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் அதிகமாகச் சுழலவல்லது. எனவே அதன் வாயிலில் வந்து சேரும் காற்று தூயதாகவும், குளிர்ந்ததாகவும், தடையற்றதாகவும் இருத்தல் வேண்டும். இம்மூன்றில் எதை முதலில் வைப்பது என்பதில்தான் நாங்கள் பிழைசெய்தோம்.

நாங்கள் தடையின்மையை முதலில் வைத்தோம். ஜூனா பஜாரில் கூம்பு வடிவமான திறந்த வடிகட்டி ஒன்றும், ஒரு வளைந்த பி.வி.சி. குழாயும், சில கிளாம்புகளும் வாங்கினோம். செலவு 1,400 ரூபாய். ஒரு ஞாயிறு மாலையில் வேலை முடிந்தது. வண்டியை முடுக்கியபோது கம்பீரமான உறுமல் கேட்டது. வேகமும் கூடிவிட்டதென்று நால்வரும் ஒருமுகமாகக் கூறினோம். காதுக்கு இனிய ஓசையை ஆற்றல் என்று மயங்குவது மனித இயல்பு போலும்!

எங்களுள் தருமபுரிக்காரர் சற்று ஐயப் பிராணி. குழாயினுள் சமையலறை வெப்பமானி ஒன்றைச் செருகி, நெரிசலான சாலையில் வண்டியை ஓட்டச் செய்தார். வெளிக்காற்று 32 டிகிரி. குழாயினுள் 61 டிகிரி. வெப்பம் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும் என்பது பள்ளியில் படித்த பாடமே. அக்கணக்கின்படி ஒவ்வொரு லிட்டர் காற்றிலும் ஏறத்தாழ 9 விழுக்காட்டை நாங்கள் இழந்திருந்தோம். புனே கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்குக் காற்றழுத்தம் ஏற்கெனவே ஆறு விழுக்காடளவு குறைவு. அதன்மேல் திறந்த வடிகட்டியை என்ஜினின் சூட்டுக்கருகில் வைத்து, இருந்ததையும் குறைத்துக்கொண்டோம்.

இதனினும் பெரிய அபாயம் 1,800 கிலோமீட்டர் ஓடிய பின்னரே தெரிந்தது. குழாயைக் கழற்றி அதன் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்தபோது, துணியில் செம்பழுப்பான நுண்புழுதி படிந்தது. என்ஜின் வெப்பத்தில் பி.வி.சி. இளகி, கிளாம்பின் கீழ் உருமாறி, இணைப்பில் மயிரிழை இடைவெளி விட்டிருந்தது. டர்போவுக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் அழுத்திய காற்று வெளியே கசியும், ஆற்றல் குறையும், அவ்வளவே. டர்போவுக்கு முன்னால் ஓட்டை இருந்தாலோ, வடிகட்டாத காற்று உள்ளே புகும். லட்சம் சுற்றுச் சுழலும் சக்கரத்தின் இதழ் நுனிகளை அப்புழுதி அரம்போல் அராவும்; பின்னர் சிலிண்டருள் சென்று பிஸ்டன் வளையங்களைத் தேய்க்கும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போதே எங்கள் என்ஜின் மணிக்கு நூறு கன மீட்டருக்கும் மேற்பட்ட காற்றை விழுங்குகிறது. ஒரு நடுத்தர வீட்டின் மூன்று அறைகளில் அடங்கும் காற்று அது. அத்தனையும் வடிகட்டிக் கொடுப்பதாக நம்பியிருந்தோம். அந்த வெள்ளைத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் ஒருவரோடொருவர் பேசாதிருந்தோம். தைத் திங்களில் எங்களுள் ஒருவரின் தங்கைக்குக் கரூரில் திருமணம்; குழந்தை குட்டிகளோடு அந்த வண்டியில்தான் செல்வதாக ஏற்பாடு.

அன்றே பழைய பெட்டியை மீண்டும் பொருத்தினோம். இனி அளந்து பார்க்காமல் எதையும் செய்வதில்லை என்று முடிவுசெய்தோம். அளக்கும் கருவிக்கு 90 ரூபாய் ஆயிற்று. ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை ஒரு பலகையில் ஆங்கில 'யூ' எழுத்துப்போல் வளைத்துக் கட்டி, மஞ்சள் கரைத்த நீரைப் பாதியளவு ஊற்றினோம். ஒரு முனையை டர்போவின் வாயிலருகே குழாயில் இட்ட சிறு துளையோடு இணைத்தோம், மறுமுனை திறந்திருந்தது. தவறி நீர் என்ஜினுள் சென்றுவிடாதபடி நடுவே ஒரு காலிப் புட்டியைப் பொருத்தினோம். ஏற்றத்தில் நீர்மட்டம் சாய்ந்து அளவு பிழையாகாதிருக்கப் பலகையை வண்டியின் குறுக்கே பிடித்துக்கொண்டோம். இருபுற நீர்மட்டங்களின் வேறுபாடே காற்றுப் பாதையின் தடை. தடை கூடினால், அதே அழுத்தத்தை எட்ட டர்போ மிகுதியாக உழைக்கவேண்டும்.

கணவாயில் முழு விசையோடு ஏறும்போது, பழைய வடிகட்டியோடு வேறுபாடு 46 சென்டிமீட்டர். வடிகட்டித் தாளை மட்டும் புதிதாக மாற்றி, பெட்டியின் வாயை நாடாவால் ஒட்டி அளந்தபோது 30 சென்டிமீட்டர். கரும்புகையும் பெரும்பாலும் மறைந்தது. எங்கள் குறையின் பெரும்பகுதி ஒரு சாதாரண வடிகட்டித் தாளுக்குள்ளேயே அடங்கியிருந்தது!

எனினும் உடைந்த பெட்டியை நாடாவால் ஒட்டியபடியே கரூர் வரை செல்ல இயலாது. ஆகவே இரண்டாம் முறை, தூய்மையை முதலாகவும், குளிர்ச்சியை இரண்டாவதாகவும், தடையின்மையை மூன்றாவதாகவும் வைத்து வேலையைத் தொடங்கினோம்.

பெட்டிக்கு ஓர் எவர்சில்வர் சம்புடம் வாங்கினோம். அதனுள் சிறு சரக்கு வண்டிகளுக்குப் பயன்படும் உருளை வடிவத் தாள் வடிகட்டியை அமைத்தோம். எந்த ஊரிலும் கிடைக்கக்கூடியது என்பதே அதைத் தேர்ந்ததன் காரணம். சம்புடத்தின் அடியில், வடிகட்டிக்கு வெளிப்புறமாக, மழைநீர் வடிய ஒரு சிறு துளை. காற்றை முன்புறச் சல்லடைக்குப் பின்னால், முகவிளக்குக்கும் மேலான உயரத்திலிருந்து எடுத்தோம். சிலர் குளிர்ந்த காற்றை நாடி வாயைப் பம்பருக்குக் கீழே வைப்பதுண்டு. மழைக்காலத்தில் தேங்கிய நீரை அவ்வாய் உறிஞ்சினால் கேடு பெரிது. காற்றைப்போல் நீர் அழுந்துவதில்லை; பிஸ்டன் மேலெழ வழியின்றிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

குழாய் அலுமினியம். பற்றவைத்தவர் ஒரு மராத்தியப் பெரியவர். குழாய் முனையில் எத்தனை விளிம்பு விடவேண்டும் என்று கேட்டதற்கு, "தோன் சூத்" என்றார். நாங்கள் விழித்தோம். அவர் அளவுகோலில் கால் அங்குலத்தைச் சுட்டினார். நம்மூர்ப் பட்டறைகளில் "இரண்டு நூல்" என்பார்களே, அதுவே! சூத் என்றாலும் நூல்தான். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இரு மொழித் தொழிலாளரும் ஒரே இழையால் அளந்துவந்திருக்கின்றனர் என்பதை அறிந்தபோது அந்தப் பட்டறை எங்களுக்கு அயலிடமாகத் தோன்றவில்லை.

காற்றளவைச் சென்சார் அமர்ந்திருக்கும் பகுதியை மட்டும் நாங்கள் மாற்றவேயில்லை. சூடான மெல்லிய தகட்டைக் கடந்துசெல்லும் காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதைக் கொண்டே அச்சென்சார் காற்றின் அளவை மதிப்பிடுகிறது. அது குறிப்பிட்ட விட்டமுள்ள குழாய்க்கென அளவிடப்பட்டது. 60 மில்லிமீட்டர்க் குழாய்க்குப் பதில் 70 மில்லிமீட்டர்க் குழாயை வைத்தால் பரப்பு 36 விழுக்காடு கூடும். காற்றின் வேகம் கால் பங்குக்கு மேல் குறையும். சென்சார் பொய் சொல்லும். ஆதலால் அதன் பழைய கூட்டையே வைத்து, அதற்கு முன்னால் நேரான குழாய் அமையுமாறு பார்த்துக்கொண்டோம். என்ஜினின் ஆவிக்குழாயையும் முன்னிருந்தவாறே சென்சாருக்குப் பின்னால் இணைத்தோம்.

பற்றவைத்த குழாயின் உட்புறத்தை அரத்தால் மழித்து, சோப்பு நீரில் மும்முறை கழுவி உலர்த்தினோம். ஓர் அலுமினியத் துணுக்கு தங்கினாலும் டர்போவுக்கு அது எமன். பின்னர் இருமுனைகளையும் அடைத்து, சைக்கிள் பம்பினால் சிறிதளவு காற்றூட்டி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினோம். ஓரிடத்தில் குமிழி எழுந்தது, கிளாம்பை மாற்றினோம். மறுமுறை எழவில்லை.

கணக்கு இது: குழாய் 600 ரூபாய், பற்றவைப்பு 700, சிலிகோன் ஹோஸும் கிளாம்புகளும் 1,150, வடிகட்டி 450, சம்புடம் 380, ரப்பர் முதலிய சில்லறை 220, ஆக 3,500 ரூபாய். நீர்மானி காட்டிய தடை 22 சென்டிமீட்டர். ஓடும் வண்டியில் குழாயினுள் வெப்பம் வெளிக்காற்றைவிட நான்கைந்து டிகிரியே அதிகம். கம்பாட்கியில் வண்டி மூன்றாம் கியரிலேயே ஏறிற்று. குதிரைத் திறன் பெருகிவிட்டது என்று பெருமை பேச நாங்கள் துணியோம். இழந்ததை மீட்டோம், அவ்வளவே.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆவது பிரிவில், பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. உத்தரவாதக் காலம் தீராத வண்டியில் கைவைத்தால் அவ்வுரிமையையும் இழக்க நேரலாம். ஆதலால் இம்முயற்சியில் இறங்குவோர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் காப்புறுதி நிறுவனத்தையும் முதலில் கேட்டறிதல் நலம். கழற்றிய பழைய உறுப்புகளையும் எறிந்துவிடாமல் பத்திரப்படுத்துக.

தைத் திங்களில் கரூருக்குப் புறப்பட்டோம். பெங்களூரில் ஒருமுறையும் சேலத்தில் ஒருமுறையும் வண்டியை நிறுத்திச் சூடு ஆறியபின் குழாயைக் கழற்றி, அதே வெள்ளைத் துணியின் மறுபுறத்தால் துடைத்துப் பார்த்தோம். துணி வெண்மையாகவே இருந்தது. மணப்பெண்ணின் தாயார், "வந்ததும் வராததுமாக அழுக்குத் துணியோடு நிற்கிறீர்களே!" என்று கடிந்துகொண்டார். அத்துணியை எங்கள் பணப்பெட்டியில் வைத்திருக்கிறோம் என்பதை அவரிடம் சொல்லவில்லை.