குரல் தேர்வு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்னும் சிறிது நேரத்தில் இம்மேடையில் நம் காலனிப் பிள்ளைகள் சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' இசை நாடகத்தை நடித்துக் காட்ட இருக்கிறார்கள். அந்நாடகத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நாடகத்தை நீங்களே காணப் போகிறீர்கள். ஆதலின், திரை விலகுவதற்கு நெடுநாள் முன்பே நடந்து முடிந்துவிட்ட ஒரு காட்சியைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அதுதான் நடிகரைத் தேர்ந்தெடுக்கும் காட்சி.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆர்மோனியத்தை முன்னே வைத்துக்கொண்டு, தேர்வாளர் மூவரில் ஒருவராக நாமும் அமர்ந்திருந்தோம். நாரதர் வேடத்துக்குப் பாடிக் காட்டப் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படிப்பது தெலுங்கு. ராமகுப்பத்தில் இது புதுமையன்று. கையிலிருந்த தாளில் தமிழ்ப் பாட்டைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்திருந்தான். இன்றைய தெலுங்கு எழுத்தில் ழகரத்துக்கு இடமில்லை. எனவே அங்கே ளகரம் வந்து அமர்ந்துகொண்டது. 'வாழி' என்று பாட வேண்டிய இடத்தில் 'வாளி' என்று பாடினான். சுற்றியிருந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருவன் தண்ணீர் இறைப்பதுபோல் கையசைத்தும் காட்டினான்.

"உச்சரிப்புச் சரியில்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றார் ஒரு நண்பர். நாமும் தலையசைத்தோம். இதை மறைப்பதற்கில்லை. சிறுவன் தாளை நான்காக மடித்தான், ஆனால் நகரவில்லை. "சார், இன்னொரு தடவை பாடட்டுமா?" என்று கேட்டான். அடுத்தவர் காத்திருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவன் பாடியது காதிலேயே நின்றது. சொல் பிழைத்ததேயன்றிச் சுருதி இம்மியும் பிழைக்கவில்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. நாம் பிழையைக் கேட்டோம், குரலைக் கேட்கவில்லை!

பழைய நாடகக் கம்பெனிகளில் தேர்வு எவ்வாறு நடந்தது என்பதை எண்ணிப் பார்த்தோம். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். ஆகவே, வாத்தியார் முதலில் சொல்வது "பாடிக் காட்டு" என்பதே. சுவாமிகள் 1918-ஆம் ஆண்டில் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு ஒரு சபையைத் தொடங்கினார். அதில் தம் மக்களைச் சேர்த்தவர் கண்ணுசாமிப் பிள்ளை. அவரே பெண் வேடம் புனைந்து பேர் பெற்ற நடிகர். அம்மக்களில் ஒருவரான தி. க. சண்முகத்துக்கு அப்பொழுது வயது ஆறு. ஆறு வயதுக் குழந்தைக்கு என்ன இலக்கணம் தெரிந்திருக்கும்? தெரிந்த பிறகு வா என்று சுவாமிகள் திருப்பி அனுப்பவில்லை. அச்சிறுவன் நடிப்பதற்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதித் தந்தார். நாடகத்துக்குப் பிள்ளையைத் தேடுவது ஒரு முறை. பிள்ளைக்காக நாடகம் எழுதுவது அதனினும் உயர்ந்த முறை.

மற்றொருவர் கதையையும் கேளுங்கள். ஏழு வயதளவில் ஒரு சிறுவன், திருச்சியில் முகாமிட்டிருந்த யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சென்று நின்றான். பெற்றோர் இருக்கும்போதே, தான் அநாதை என்று கூறினான். பாடச் சொன்னார்கள், பாடினான், சேர்த்துக்கொண்டார்கள். இராமாயண நாடகத்தில் அவன் ஏற்ற முதல் வேடம் சீதை. அச்சிறுவனே பிற்காலத்தில் நடிகர் திலகம் எனப் புகழ்பெற்ற சிவாஜி கணேசன். அன்று அவர்கள் கேட்டது வெறும் பாட்டை மட்டுமா? வீட்டையே மறுத்துவிட்டு வந்து நிற்கும் ஆவலையும் சேர்த்தல்லவா கேட்டிருக்க வேண்டும்!

அக்கம்பெனிகளில் எல்லாம் நன்மையாகவே இருந்தன என்று நாம் கூறவில்லை. அடி உண்டு, ஒப்பந்தம் உண்டு, பள்ளிப் படிப்பு இல்லை. மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால், நேற்றுவரை ஸ்திரீபார்ட்டாக விளங்கிய பிள்ளைக்கு இன்று வேடம் கிடைப்பது அரிது. அவை மீண்டும் வர வேண்டா. ஆயினும் ஒன்றை அவர்கள் அறிந்திருந்தார்கள். குரலும் ஆவலும் பிள்ளை கொண்டுவர வேண்டியவை. உச்சரிப்பும் நடிப்பும் வாத்தியார் கொடுக்க வேண்டியவை. நாமோ, நாம் கொடுக்காததை அந்தப் பிள்ளையிடம் கேட்டோம்.

அவனிடம் தெலுங்கு வாடை வீசுகிறது என்று குறை கூறியவர்களுக்கும் ஒரு சொல். 1891-ஆம் ஆண்டில் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாசார்லு குழுவினர் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்தார்கள். அதுவரை தமிழ் நாடகத்தில் நாட்டமில்லாதிருந்த பம்மல் சம்பந்த முதலியார் அவற்றைக் கண்டு உள்ளம் மாறி, அதே ஆண்டில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். தமிழ் நாடகத்துக்கு அத்தகைய தொண்டர் ஒருவரைத் தந்தது தெலுங்கு மேடை. தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இந்த எல்லையில் வாழும் நாம், அண்டை மொழியைப் பிள்ளையின் குற்றமாக எழுதுவது அழகன்று.

மறுநாள் மாலை அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்றோம். "இன்னொரு தடவை பாடு, தம்பி" என்றோம். பாடினான். அன்று முதல் நாள்தோறும் அரை மணி நேரம் பயிற்சி. நாவின் நுனியை மேலே வளைக்க வேண்டும், அண்ணத்தை ஒட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான் ழகரம். ஆனால் அந்த அவ்வளவுக்கு ஒரு மாதம் ஆயிற்று. இடையில் தமிழ் எழுத்தையும் கற்றான். இன்று அவன் கையில் இருக்கும் தாள் தமிழில் எழுதியது, எழுதியவனும் அவனே.

ஆகவே, சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு முதல் தேர்வை இருமுறை நடத்துவோம். வந்த அன்று ஒரு முறை. வந்தவர் அனைவருக்கும் ஒரு மாதம் தமிழும் பாட்டும் கற்பித்தபின் மற்றொரு முறை. முதல் தேர்வு பிள்ளைகளுக்கு, இரண்டாவது நமக்கு. வேடம் கிடைக்காதவரும் தமிழ் எழுத்தோடு வீடு திரும்புவார்கள் அல்லவா?

இதோ, உள்ளே ஆர்மோனியம் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. நாரதர் வருவார். பாட்டின் வேகத்தில் எங்கேனும் ஓரிடத்தில் 'வாளி' என்று கேட்டால், அன்பு கூர்ந்து சிரிக்காதீர்கள். அது அவன் பிழையன்று. நாம் இன்னும் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம்.