எந்தப் பக்கம் திறக்கிறது?



இன்ஜினியர் பாலத்தைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது கேமராப் பையைப் பற்றி. சிரிக்காதீங்க!

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில், 2017-லிருந்து அரிச்சல்முனை வரை சாலை இருக்கிறது. ஒரு தை மாதம் பூநாரைகளைப் படமெடுக்கப் போனேன். பை வாங்கும்போது எத்தனை அறை என்று எண்ணினேனே தவிர, எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்க்கவில்லை. அது வெளிப்பக்கம் திறக்கும் பை. முதுகுப்பக்கம் ஈரமணலில் படியக் கிடத்தித்தான் திறக்க வேண்டும். திறந்தேன், வாடைக்காற்று ஒரே வீச்சு! முதல் சம்பளத்தில் வாங்கிய லென்ஸின் வளையத்தைத் திருப்பினால் நறநற. பூநாரைகளைக் கண்ணால் பார்த்ததோடு சரி.

நம்ம கடற்கரைக்கு, முதுகுப்பக்கம் திறக்கும் பைதான் ஏற்றது. இடுப்பு வாரைக் கழற்றாமல், தோள்வாரை மட்டும் விட்டுப் பையை முன்னால் திருப்பினால், கீழே வைக்காமலே திறக்கலாம். மணலில் நடக்கும்போது பாரத்தையும் அந்த இடுப்பு வாரே தாங்கும்.

அடுத்தது ஜிப். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று பாம்பனைக் கேளுங்கள். 1914-ல் திறந்த பாலத்தில் 2022-ல் ரயிலை நிறுத்தி, 2025-ல் புதுப்பாலம் திறந்தார்கள். அதனால் பிளாஸ்டிக் பல் ஜிப்பே நல்லது. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். கேமராவைப் பைக்குள்ளேயே பூட்டி வைத்தால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

கடையிலேயே உங்கள் கேமராவைப் பையில் போட்டு, தோளில் மாட்டி, நின்றபடி திறந்து பார்த்து வாங்குங்கள். நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.