பள்ளி மலரும் வானொலிக் குரலும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில் மாணவர் முன்னேற்றம் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார்கள். மதிப்பெண்ணைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் நமக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே கூறிவிட்டனர். ஆதலின், பெற்றோர் பலரும் வீண் வேலை என்று ஒதுக்குகின்ற இரண்டைப் பற்றி மட்டும் பேச விழைகின்றோம். ஒன்று பள்ளியின் ஆண்டு மலர். மற்றொன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர் செய்தி வாசித்தல்.

சென்னை வானொலியின் அலைபரப்பு நிலையம் நமது ஆவடியில்தான் அமைந்தது. அதன் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். காலை ஏழேகால் மணிக்குத் தேநீர்க் கடை வானொலியில் தில்லியிலிருந்து சரோஜ் நாராயண்சாமி அவர்களின் குரல் ஒலிக்கும்போது, செய்திக்காக அன்றி அந்த உச்சரிப்புக்காகவே பள்ளிப் பையுடன் நின்று கேட்டதுண்டு. ஆயினும், அக்கோபுரங்களின் வழியே செல்லும் குரல்களுள் நமது தெருவின் குரல் ஒன்றேனும் உண்டா என்று அந்நாளில் எண்ணிப் பார்த்தோமில்லை.

எண்ணிப் பார்க்க வைத்தவர் ஒரு மாணவி. அவர் பெயரைக் கூறப் போவதில்லை, கூறினால் நாணுவார். தந்தை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சுமை தூக்கும் தொழிலாளி. வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என்பதற்கும் அவருக்குக் குரல் எழும்பாது. அவர் ஒன்பதாம் வகுப்புப் பயிலும்போது ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டோம். மற்றப் பிள்ளைகள் மரம் வளர்ப்பைப் பற்றியும் மழைநீர்ச் சேமிப்பைப் பற்றியும் எழுதித் தந்தனர். அவற்றுள் பாதி முந்தைய மலரைப் பார்த்து எழுதியவை. இவர் மட்டும் ‘எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் நாள்’ என்று நான்கு பக்கங்கள் எழுதியிருந்தார். தண்ணீர் லாரி பெரிய தெருவிலேயே நின்றுவிடும் என்பதும், குடத்தோடு அங்குச் செல்லும் தம் தெருப் பெண்கள் எல்லாருக்கும் பின்னால்தான் நிற்க வேண்டும் என்பதும் அதன் சாரம்.

நாம் என்ன செய்தோம்? கடைசிப் பத்தியைச் சிவப்பு மையால் அடித்தோம். விழாவுக்கு அதிகாரிகள் வருவார்கள், நமக்கேன் வம்பு என்ற அச்சம். நாமும் அத்தகைய தெருவில் பிறந்தவர்தாம் என்பதை ஈண்டு மறைப்பதற்கில்லை. மலர் அச்சாகி வந்த அன்று அம்மாணவி நமது அறை வாயிலில் வந்து நின்றார்.

“ஐயா, அதில் பொய் எது?”

அவர் குரலை நாம் தெளிவாகக் கேட்டது அன்றுதான். நம்மிடம் விடை இல்லை.

மறு ஆண்டு ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கி, அப்பொறுப்பை அவரிடமே அளித்தோம். அதே பொருளை மீண்டும் எழுதச் சொன்னோம், ஒரு நிபந்தனையுடன். முப்பது நாள்கள் குறிப்பேடு வைக்க வேண்டும். லாரி எந்நாளில் வந்தது, எத்தனை மணிக்கு, எங்கே நின்றது, முதலில் நின்றவர் யார், கடைசியில் நின்றவர் யார், எத்தனை குடம் கிடைத்தது என்பனவெல்லாம் அதில் வரவேண்டும். லாரி ஓட்டுநரையும் கேட்க வேண்டும். ஓட்டுநரோ, தெரு குறுகலானது, வண்டியைத் திருப்ப இடமில்லை என்றார். அவரைக் குறை கூறி எழுதியிருந்த இரண்டு வாக்கியங்களை மாணவி தாமே நீக்கினார். வரிசையைப் பற்றிய செய்தியை நீக்கவில்லை. நான்கு பக்கம் பன்னிரண்டு வாக்கியங்களாயிற்று. நாம் கை வைக்கவில்லை.

அதனைக் காலைக் கூட்டத்தில் இரண்டு நிமிடச் செய்தியாக வாசித்தார். ஏட்டுக்கு எழுதுவது வேறு, காதுக்கு எழுதுவது வேறு என்பதை அப்போதுதான் அவரும் அறிந்தார், நாமும் அறிந்தோம். ஏட்டில் படிப்பவர் புரியாவிடில் மேல்வரிக்குத் திரும்பலாம். கேட்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே வாக்கியம் ஒரு மூச்சில் அடங்க வேண்டும். ஓர் எண்ணுக்கு மேல் அதில் வரலாகாது. லகர ளகர ழகர வேறுபாட்டுக்காக ஒரு வாரம் மாலை வேளையில் பயின்றார். தெருவில் பேசும் பேச்சு தாழ்ந்தது என்று நாம் அவருக்குக் கற்பிக்கவில்லை. எங்கே எதைப் பேசுவது என்பதைத்தான் கற்பித்தோம்.

மறுநாள் பெரிய தெரு மாணவன் ஒருவன் வந்து, ஒரு நாளின் கணக்குத் தவறு, அன்று லாரியே வரவில்லை என்றான். மாணவி குறிப்பேட்டைச் சரிபார்த்தார். அவன் கூறியதே உண்மை. அடுத்த நாள் காலை அனைவர் முன்னிலையிலும் நின்று திருத்தம் வாசித்தார். நமது முப்பதாண்டு ஆசிரியப் பணியில் ஒரு பிள்ளை வளர்ந்ததைக் கண்ணால் கண்ட நாள் எது என்று கேட்டால், அந்நாளையே கூறுவோம். (பின்னர் லாரி தெருமுனை வரை வந்தது. அது செய்தியால் விளைந்ததா, புதிதாகச் சாலை போட்டதால் விளைந்ததா என்று அறுதியிட்டுக் கூற மாட்டோம்.)

இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்போர் உளர். அவர்களுக்கு நம் முன்னோரை நினைவூட்ட வேண்டும். 1893ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன், எப்பெயரால் உலகம் நம்மை இழித்ததோ அப்பெயரையே தலைப்பாக்கிப் ‘பறையன்’ இதழைச் சென்னையில் தொடங்கினார். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளியிட்டார். விலையே பெயராயிற்று, மறு ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. கோலார் தங்கவயல் தொழிலாளர் வரை அதற்கு வாசகர் இருந்தனர். அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று தொடங்கிய இதழின் பெயர் ‘மூக்நாயக்’, அதாவது ஊமைகளின் தலைவன். 1954 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியில் அவர் தம் வாழ்க்கைத் தத்துவத்தை விளக்கி உரையாற்றினார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்றையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியிடமிருந்து கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்தே பெற்றதாக அதில் கூறினார்.

இவ்வளவு நெடிய மரபு இருந்தும், 1996இல் பி.என். உனியால் என்னும் பத்திரிகையாளர் தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், அதனையே கட்டுரையாக ‘பயனியர்’ நாளேட்டில் எழுதினார். நம்மைப் பற்றிய செய்தியை எப்போதும் பிறரே எழுதினர் என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்? படிப்பு மிகுதியாக இருந்தால்தான் இது கைகூடும் என்றும் எண்ண வேண்டா. தெலங்கானத்தின் மாச்சனூர்ச் சிற்றூரில் 2008 முதல் ஒலிபரப்பாகும் ‘சங்கம் வானொலி’யை நடத்தியவர்கள் உழைக்கும் தலித் பெண்களே. ஒலிப்பதிவும் தொகுப்பும் அவர்கள் கைகளாலேயே நடைபெற்றன.

சென்னையில் 2004 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி உண்டு. 2019 முதல் அரசின் கல்வித் தொலைக்காட்சி உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே 2022இல் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் தொடங்கப்பட்டன. வாயில் திறந்திருக்கிறது. நம் பிள்ளைகள் எழுதி அனுப்புகின்றனரா என்பதே கேள்வி. இச்சங்கம் மாலை வகுப்புகளுக்கென வைத்துள்ள அறையில் ஒரு கையெழுத்துப் பத்திரிகையும், வாரம் ஒரு நாள் செய்தி வாசிப்பும் தொடங்கினால் செலவு மிகாது. ஒலிவாங்கியை நாமே வாங்கித் தருகிறோம். ஒலிப்பதிவுக்குக் கைப்பேசியே போதும்.

அம்மாணவி கல்லூரியில் இதழியல் பயின்று, அக்கல்லூரியின் சமுதாய வானொலியில் பழகி, இன்று ஒரு செய்தி நிறுவனத்தில் செய்தியறிக்கை எழுதுகிறார். இவ்வெள்ளி விழா மலருக்கும் அவரிடம் கட்டுரை கேட்டிருப்பதாக அறிகிறோம். பக்கம் போதவில்லை என்றால் நமது இவ்வுரையைச் சுருக்கிக் கொள்ளுமாறும், அவருடைய கட்டுரையில் கடைசிப் பத்தியை எக்காரணம் கொண்டும் தொட வேண்டாம் என்றும் பதிப்புக் குழுவினரைக் கேட்டுக் கொள்கிறோம்.