முழங்கால் வலியும் ‘ஸ்டெம் செல்’ ஊசியும்

(அன்புவழிபுரத்தில் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேச வந்தது முழங்காலைப் பற்றி. பாயில் உட்கார்ந்திருப்பவர்களை விடக் கதிரை கேட்டு வாங்கி உட்கார்ந்திருப்பவர்கள்தான் இங்கே அதிகம். காரணம் உங்களுக்கே தெரியும். முப்பது நாற்பது வருஷம் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, மழை வெயில் பாராமல் மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த கால்கள் இவை. பிள்ளைகளோடு திருகோணமலைக்கு வந்து குடியிருந்தாலும் அந்த வலி நம்மை விட்டுப் போகவில்லை.

முழங்காலில் இரண்டு பெரிய எலும்புகள் சந்திக்கின்றன. உரசாமல் இருப்பதற்காக அவற்றின் முனைகளில் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதற்கு இரத்தக்குழாய் கிடையாது. ஆகவே தோலில் பட்ட காயம் ஆறுவது போல அது தானாக ஆறாது. வயது, உடல் பாரம், பழைய அடி, பாரம் தூக்கும் தொழில் எல்லாம் சேர்ந்து அதைத் தேய்க்கின்றன. இதைத்தான் கிளினிக் கொப்பியில் ‘ஓ.ஏ.’ என்று எழுதுகிறார்கள். மூட்டுத் தேய்வு என்று நாம் சொல்வது இதுதான்.

கொஞ்சக் காலமாக இதற்கு ஒரு புது வைத்தியம் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். சேமலாப நிதிப் பணம் அப்போதுதான் அவர் கைக்கு வந்திருந்தது. “ஐயா, இந்தியாவில ஒரே ஒரு ஊசியாம். ஸ்டெம் செல்லாம். பல்லிக்கு வால் முளைக்கிற மாதிரி தேய்ஞ்சது திரும்ப முளைக்குமாம். ஃபோனில காட்டுறாங்க. இந்தக் காசைக் கட்டிட்டுப் போகட்டுமா?” என்று கேட்டார். பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில் கிடைக்கும் அந்தப் பணம் ஒரே ஒரு தடவை வருவது. அந்த அம்மாவுக்காக நான் வைத்தியர்களிடம் விசாரித்தும் வாசித்தும் அறிந்ததை இங்கே சொல்கிறேன்.

ஸ்டெம் செல் என்பதைத் தமிழில் தண்டுக்கலம் என்கிறார்கள். வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய கலம் அது. இது முழுப் பொய் அல்ல. இரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மச்சை மாற்றும் சிகிச்சை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அங்கே வேலை செய்வது தண்டுக்கலந்தான். ஆனால் முழங்கால் கதை வேறு.

முழங்காலில் போடும் வகைக் கலத்துக்கு 1991-இல் ‘ஸ்டெம் செல்’ என்ற பெயரைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரப் பேராசிரியர் ஆர்னல்ட் கெப்லன். அவரே 2017-இல், இந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று எழுதினார். ஏனென்றால் ஊசியில் போன கலம் மூட்டுக்குள் புதிய குருத்தெலும்பாக மாறி உட்காருவதில்லை. சில பொருட்களைச் சுரந்து, அழற்சியைத் தணித்து, உடம்புக்குச் சைகை கொடுக்கிறது. அவ்வளவுதான். பெயர் வைத்தவரே சொன்ன இந்த வார்த்தையை விளம்பரக்காரர்கள் சொல்வதில்லை.

இனி இந்திய விஷயத்துக்கு வருவோம். பெங்களூரில் உள்ள ஸ்டெம்பியூட்டிக்ஸ் என்ற கம்பெனி, ‘ஸ்டெம்பியூசெல்’ என்ற மருந்தைத் தயாரித்தது. வேறு ஆட்கள் தானமாகக் கொடுத்த எலும்பு மச்சையிலிருந்து வளர்த்த கலம் இது. முழங்கால் தேய்வுக்கு இதைப் பாவிக்க இந்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022-இல் அனுமதி கொடுத்தது. ஒரு தடவை போடுவது 2 கோடி 50 இலட்சம் கலங்கள். அனுமதிக்கு முன் 146 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெறும் ஊசி. ஒரு வருஷம் பார்த்ததில் மருந்து போட்டவர்களுக்கு வலியும் விறைப்பும் கூடுதலாகக் குறைந்தன. ஸ்கேனில் குருத்தெலும்பு மேலும் கெடவில்லை என்று தெரிந்தது. ஆனால் அதன் அளவு பெருகவில்லை. ஆகவே முளைப்பது என்ற பேச்சு அங்கேயும் இல்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். அந்த அனுமதி இரண்டாம், மூன்றாம் படித் தேய்வுக்கு மட்டுந்தான். எக்ஸ்-றேயைப் பார்த்து வைத்தியர்கள் தேய்வை நான்கு படியாகப் பிரிக்கிறார்கள். எலும்போடு எலும்பு ஒட்டிய நாலாம் படிக்கு அந்த அனுமதி கிடையாது. நம்மவர்களில் பலர் வைத்தியசாலைக்கு வருவதே நாலாம் படியில்தான்.

அமெரிக்காவில் 475 பேரை வைத்து நடந்த பெரிய சோதனையின் முடிவு 2023-இல் வெளியானது. மூன்று வகைக் கல ஊசிகளைச் சாதாரண ஸ்டீரொயிட் ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருஷத்தின் பின் எந்தக் கல ஊசியும் ஸ்டீரொயிட்டை விட மேலாக இருக்கவில்லை. 2025-இல் கொக்ரேன் ஆய்வுக் குழு 25 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, வலியில் சிறிதளவு குறைவு இருக்கலாம், அதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றது.

ஆபத்தும் உண்டு. 2018-இல் அமெரிக்காவில், தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து எடுத்ததாக விற்கப்பட்ட, அனுமதியில்லாத ஊசியைப் போட்ட 12 பேருக்குக் கிருமி தொற்றி, 12 பேரும் வைத்தியசாலையில் கிடந்தார்கள்.

ஆகவே யாராவது ‘வாங்க, ஊசி போடலாம்’ என்றால், காசு கட்ட முன் ஐந்து கேள்வி கேளுங்கள். மருந்தின் பெயர் என்ன? எந்த அரசு, எந்த வருஷம், எந்த நோய்க்கு அனுமதி கொடுத்தது? கலம் யாருடையது, எங்கே வளர்த்தது? என் எக்ஸ்-றே எத்தனையாம் படி? ஊருக்குத் திரும்பின பிறகு மூட்டு வீங்கினால் யார் பார்ப்பது? பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நமது நாட்டில் மருந்துகளை மேற்பார்வை செய்வது 2015-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. உள்ளூரில் யாராவது இந்த ஊசியை விற்க வந்தால், அந்தச் சபையின் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

அப்படியானால் வலியோடு கிடப்பதா? இல்லை. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை கிளினிக்குக்குப் போங்கள். காசில்லை. இயன்மருத்துவர் சொல்லும் பயிற்சியைச் செய்யுங்கள். கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடைச்சதை இறுக, பத்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். தொடைச்சதை பலப்பட்டால் மூட்டில் விழும் பாரம் குறையும். உடம்பில் 1 கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு 4 கிலோ பாரம் குறைகிறது என்று 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். குந்தியிருந்து துணி துவைப்பதை விட்டு, முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். பார்மசியில் நீங்களாக வலிக்குளிசை வாங்கி மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்களுக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். முற்றாகத் தேய்ந்த மூட்டுக்கு மாற்றுச் சத்திரசிகிச்சை இருக்கிறது. காத்திருக்க வேண்டி வந்தாலும் அது பலகாலம் பார்த்து நிரூபித்த வைத்தியம்.

என்னிடம் கேட்ட அந்த அம்மா இந்தியா போகவில்லை. அவருடைய எக்ஸ்-றே நாலாம் படி. பயிற்சி செய்கிறார், கோலூன்றி நடக்கிறார். கோணேஸ்வரர் கோயில் ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று இளைப்பாறித்தான் ஏறுகிறார். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் சேமலாப நிதிப் பணம் அப்படியே வங்கியில் இருக்கிறது.

விஞ்ஞானம் நாளைக்கு இன்னும் நல்ல ஊசியைக் கொண்டுவரலாம். வந்தால் நாமே கூட்டம் போட்டுச் சொல்வோம். அதுவரை, உங்கள் உழைப்பின் காசை விளம்பரத்தை நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் கிளினிக்குக்குப் போங்கள், கேட்க வேண்டியதைக் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நானும் கூட வருகிறேன்.